‘கம்யூனிகேஷன் வீக்’ என்று எழுதும் முன்

வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. சில இடங்களில் அதற்குப் பெயர் ‘கம்யூனிகேஷன்’, சில இடங்களில் ‘பேச்சுத்திறன்’. பத்துக்கு இத்தனை என்று போட்டுவிட்டு, பக்கத்தில் ‘வீக்’ என்றோ ‘எம்.டி.ஐ. (தாய்மொழித் தாக்கம்) ஜாஸ்தி’ என்றோ ‘ரொம்ப லோக்கல்’ என்றோ ஒரு குறிப்பு எழுதுகிறீர்கள். இந்த மடல் அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது. பேச்சுத் தமிழை ஆராய்வதும் பாடமாக நடத்துவதும் எங்கள் தொழில். அதை வைத்துச் சொல்கிறோம்: அந்தக் கட்டத்தில் விழும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு, எதிரில் இருப்பவர் எந்த வீட்டில், எந்த ஊரில் பேசக் கற்றார் என்பதற்கு விழுகிறது. வேலைக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். குடோன் சூப்பர்வைசர் வேலை. “பில்லில் 40 பெட்டி. லாரியிலிருந்து இறங்கியது 38. என்ன செய்வீர்கள்?” நான்கு பேர் பதில் சொல்கிறார்கள்.

“மொதல்ல டிரைவர வெயிட் பண்ணச் சொல்லிட்டு, இன்னொரு தடவ எண்ணிப் பாப்பேன் சார். அப்பவும் குறைஞ்சா சலான்லயே ‘ரெண்டு குறைவு’ன்னு எழுதி, அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு, அப்புறம்தான் போன் பண்ணுவேன்.”

“மொதல்ல டிரைவர நிக்கச் சொல்லிப்போட்டு இன்னொருக்கா எண்ணிப் பாப்பனுங்க. அப்பவும் கொறஞ்சுதுன்னா சலான்லயே ‘ரெண்டு கொறவு’ன்னு எழுதி, அவருகிட்டக் கையெழுத்து வாங்கிப்போட்டு, அதுக்கப்பறந்தானுங்க போன் பண்ணுவேன்.”

“மொதல்ல டிரைவர அங்கனயே நிக்கச் சொல்லுவேன். இன்னொருக்கா எண்ணிப் பாப்பேன். அப்பமும் கொறஞ்சா சலான்லயே ‘ரெண்டு கொறவு’ன்னு எளுதி, அவருட்ட கையெளுத்து வாங்கிட்டு, பொறவுதான் போன் பண்ணுவேன்.”

“மொதல்ல டிரைவர நிக்க சொல்ட்டு, இன்னொரு தபா எண்ணுவேன் சார். அப்பவும் கம்மியா இர்ந்தா சலான்லயே ‘ரெண்டு கம்மி’ன்னு எய்தி, அவராண்ட கையெய்த்து வாங்கிகினு, அப்பால போன் பண்ணுவேன்.”

நான்கிலும் ஐந்து செயல்கள். லாரியை நிறுத்துவது, மறுபடி எண்ணுவது, சலானில் எழுதுவது, கையெழுத்து வாங்குவது, பிறகு போன். வரிசையும் ஒன்றுதான், இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். லாரி கிளம்பிய பிறகு சலானில் எழுதிப் பயனில்லை. நான்கு பேருக்கும் வேலை தெரிந்திருக்கிறது. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், ‘வீக்’ என்ற குறிப்பு யாருக்குப் போகும்? நான்காமவருக்கு. ‘கொஞ்சம் ரூரல்’ என்ற குறிப்பு இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும். முதலாமவருக்குக் குறிப்பே இருக்காது, ஏனென்றால் அவர் உங்களைப் போலவே பேசுகிறார்.

நான்காம் பதிலைப் பிரித்துப் பார்ப்போம். ‘அப்பால’ என்பது ‘அப்பால்’. ‘ஆண்ட’ என்பது ‘அண்டை’யிலிருந்து வந்தது, அண்டை வீடு, அண்டை மாநிலம் என்று நாள்தோறும் எழுதுகிற அதே அண்டை. ‘தபா’ அரபுச் சொல், வேறு மொழிகள் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அதே மாதிரி வந்ததுதான் நீங்கள் குறிப்பில் எழுதும் ‘ஜாஸ்தி’யும். ஒன்று தெருப்பேச்சு ஆனது, இன்னொன்று அலுவலகத் தாளில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்தது ‘வாங்கிகினு’. ‘வாங்கிக்கொண்டு’ என்று பேச்சில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பெரும்பாலோர் ‘வாங்கிக்கிட்டு’ என்கிறார்கள். பிராமணப் பேச்சில் அது ‘வாங்கிண்டு’. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் ‘வாங்கிகினு’. மூன்றும் ‘கொண்டு’வின் தேய்வுதான். ‘கிட்டு’வில் மூக்கொலி உதிர்ந்து டகரம் நின்றது. ‘கினு’வில் டகரம் உதிர்ந்து மூக்கொலி நின்றது. ‘ண்டு’வில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி நின்றது. ஒலியைக் குறைப்பதில் மூன்றும் ஒரே அளவுதான். ஒன்று சாதாரணம், ஒன்று ஆச்சாரம், ஒன்று சேரி என்று காது பிரித்து வைத்திருப்பதற்கு அந்த ஒலிகளுக்குள் எந்தக் காரணமும் இல்லை. யார் வாயிலிருந்து அதை நாம் முதலில் கேட்டோம் என்பதுதான் காரணம்.

சொற்களிலும் இதே கதை. ‘சோறு’ என்றால் கொச்சை, ‘சாதம்’ என்றால் நாகரிகம், ‘ரைஸ்’ என்றால் இன்னும் ஒரு படி மேல் என்று நகரத்துக் காது பழகியிருக்கிறது. சங்ககாலச் சேர மன்னன் ஒருவனின் பெயரே பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன். புறநானூற்றின் 2-ஆம் பாட்டு அவனைப் பாடியது. ஒரு பேரரசனுக்குப் பட்டமாக இருந்த சொல், இன்று நேர்காணல் அறையில் ஒருவரின் தகுதியைக் குறைக்கிறது. தென் மாவட்டத்துக்காரர் “பைய பண்ணலாம் சார்” என்றால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறது. ‘பைய நகும்’ என்று 1098-ஆம் குறளில் இருக்கிறது. ‘பொண்டாட்டி’ என்று சொன்னவரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், ‘ஒய்ஃப்’ என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். சுட்டப்படும் உறவு ஒன்றுதான். ஒரு சொல் எந்த வீடுகளில் புழங்குகிறதோ அந்த வீடுகளின் நிலையைக் காது அந்தச் சொல்லின் மீது ஏற்றிவிடுகிறது.

இது பழைய பழக்கம். ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. உயர்ந்தோர் என்றால் ஒழுக்கத்தால் உயர்ந்தோர் என்று உரை சொல்லலாம். நடைமுறையில் யார் உயர்ந்தோர் என்று தீர்மானித்தவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்து, நான்கும் செய்யுளுக்கு உரியவை என்கிறது. ஒரு பகுதியில் மட்டும் வழங்கும் சொல்லுக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. உங்கள் மதிப்பெண் தாளில் அந்த இடம் இல்லை.

சாதியை நாங்கள் கேட்பதே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். வாய் கேட்பதில்லை என்பதை நம்புகிறோம். மொழியியலாளர்கள் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1960-களில் தமிழின் சாதிப் பேச்சுகளை ஒப்பிட்டு எழுதினார்கள். தூங்குவது என்று பிராமணர் பக்கம், ஒறங்குவது என்று மற்றவர் பக்கம். ஜலம் என்று ஒரு பக்கம், தண்ணி என்று இன்னொரு பக்கம். ழகரம் ஒரு பக்கம் நின்றது, இன்னொரு பக்கம் ளகரமாகவோ யகரமாகவோ ஆனது. அதன்பின் பள்ளியும் தொலைக்காட்சியும் நகரமும் இவற்றை நிறையக் கலைத்துவிட்டன. ஆனாலும் நம் காது இன்னும் அந்தப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறது. வீட்டை ‘ஆத்துல’ என்று வாய் தவறிச் சொன்ன ஒருவரைப் பார்த்து கண்ணடித்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. அதுவும் இதே தவறுதான்.

“எந்த ஊர்?” என்ற கேள்வியை நட்பாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் ஊர் தெரிந்ததும் தெரு, தெரு தெரிந்ததும் மற்றது என்று மனம் தானாகப் போகும். அரசு வேலைகளில் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களாக அரசியல் சாசனத்தின் 16(2) பிரிவு அடுக்குபவற்றில் சாதியோடு வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவையும் இருக்கின்றன. நீங்கள் தனியார் நிறுவனமாக இருக்கலாம். அந்தப் பட்டியல் ஏன் ஊரையும் சேர்த்தது என்பதை யோசிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி ழகரம். ழகரம் வராதவருக்குத் தமிழே வராது என்று நினைக்கும் குழுக்கள் இருக்கின்றன. தெற்கில் பல மாவட்டங்களில் ழகரம் ளகரமாகிறது: வாளப்பளம். வடக்கே யகரமாகிறது: வாயப்பயம். இரண்டும் ஒழுங்கான ஒலிமாற்றங்கள், ஒவ்வொன்றும் தன் ஊரில் எல்லாருக்கும் புரியும். வாழ், வாள் போன்ற சில இணைகளில் மட்டும் குழப்பம் வரலாம். அதையும் வாக்கியம் தீர்த்துவிடும். குமரி மாவட்டத்தில் ரகரத்தையும் றகரத்தையும் பேச்சிலேயே பிரித்துச் சொல்கிறார்கள். மற்ற ஊர்களில் படித்தவர்களும் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ரகர றகரம் தெரியாது என்று யாரையாவது நிராகரித்தோமா? இல்லை, ஏனென்றால் நமக்கும் அது வராது. எந்தத் தேய்வு நம்மிடம் இருக்கிறதோ அது நம் காதில் விழாது.

செய்தி வாசிப்பு, டப்பிங், தமிழாசிரியர் பணி போன்றவற்றுக்கு ழகரம் வேண்டும் என்றால், வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதி, தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை. ஆனால் அது கற்றுக்கொடுக்கக்கூடியது என்பதையும் சேர்த்து நினையுங்கள். ளகரத்துக்கு நாக்கு நுனி பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும்; காற்று இருபக்கமும் வழியும். ழகரத்துக்கு நுனி அதே மாதிரி மடங்கும், ஆனால் ஒட்டாது. காற்று நடுவில் போகும். ரகரமும் ழகரமும் நுனிநா அண்ணத்தை ‘வருட’ப் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் அந்த வருடல் இதுதான். பயிற்சிக்கு ‘ள்ள்ள்’ என்று நீட்டச் சொல்லி, ஒலியை நிறுத்தாமல் நாக்கை மயிரிழை அளவு கீழே இறக்கச் சொன்னால் போதும். ஆள் புரிந்துகொண்டுவிடுவார். பிறகு தேவை பழக்கம்தான். ஒருவரை ஆயுளுக்கும் தகுதியற்றவர் என்று முடிவுகட்ட இது காரணமே அல்ல.

இதன் மறுபுறம் மிகை. பயத்தில் இருப்பவர், எங்கே தவறிவிடுமோ என்று ழகரம் இல்லாத இடத்திலும் அதைப் போடுவார்: பழ்ளி, மழிகை, வெழ்ளிக்கிழமை. இதைக் கேட்டதும் ‘போலி’ என்று தோன்றும். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லேபோவ் 1966-இல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வில் இதே நடத்தையைக் கண்டார். கவனமாக வாசிக்கச் சொன்னபோது கீழ் நடுத்தர வர்க்கத்தினர் மேல்தட்டினரைவிட அதிகமாக மேல்தட்டு ஒலியைப் போட்டார்கள். அவமானப்பட்டு அவமானப்பட்டு வந்த எச்சரிக்கை அது. உங்கள் அறையில் அது கேட்டால், அந்த ஆள் பயந்திருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, கேள்வியை இன்னொரு முறை மெதுவாகக் கேளுங்கள்.

அதே லேபோவ் 1962-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மூன்று பெரிய பல்பொருள் கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. பதில் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று வரும்படி ஒரு கேள்வியைக் கேட்டு, சொல்லில் உள்ள ரகரம் ஒலிக்கிறதா என்று பார்த்தார். மொத்தம் 264 பேர். பணக்காரர் கடையில் 62 சதவீதம் பேரிடம் அது முழுசாகவோ ஓரளவோ ஒலித்தது, நடுக்கடையில் 51, மலிவுக் கடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம். ஆக அந்த ஊரில் ரகரம் ஒலித்தால் உயர்வு. இங்கிலாந்தில் அப்படியே தலைகீழ்: அங்கே மதிப்புள்ள உச்சரிப்பில் அந்த ரகரம் ஒலிக்காது, ஒலித்தால் நாட்டுப்புறம் என்பார்கள். ஒலி ஒன்று, சொல் ஒன்று, மொழியும் ஒன்று. மதிப்பு மட்டும் கடலைக் கடந்ததும் கவிழ்ந்துவிடுகிறது. ழகரத்துக்கோ ‘கினு’வுக்கோ பிறவியிலேயே ஒரு தகுதி இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது ஆங்கிலம், அதாவது ‘எம்.டி.ஐ.’ தாய்மொழித் தாக்கம் என்று அதற்கு விரிவு. வாய்ஸ் ரவுண்டில், அதாவது பேச்சைச் சோதிக்கும் சுற்றில், பலர் விழுவது இதில்தான். எது தாக்கம் என்று பிரித்துச் சொல்கிறோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யிலோ ‘ஸ்’ போன்ற ஒலியிலோ முடியாது. அதனால் ‘பஸ்’, ‘கேட்’ என்பவை ‘பஸ்ஸு’, ‘கேட்டு’ ஆகின்றன. வடமொழி ‘வாக்’ தமிழில் ‘வாக்கு’ ஆனதும் இதே விதியால்தான். அதை யாரும் சிரிப்பதில்லை. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. அதனால் ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆகிறது. ரகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் முன்னால் உயிர் சேர்த்து எழுதலாம் என்று நன்னூல் விதி சொல்கிறது. ‘இராமன்’, ‘உரோமம்’ அப்படி வந்தவை. ‘இராமன்’ என்று எழுதினால் இலக்கணம் கற்றவர், ‘இஸ்கூல்’ என்றால் படிக்காதவர். நாக்கு செய்த வேலை இரண்டிலும் ஒன்றுதான். ‘எம்’ என்ற எழுத்தை ‘யெம்’ என்பதும், ‘ஒன்லி’யை ‘வொன்லி’ என்பதும் சொல்முதல் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் பேச்சுத் தமிழ் சேர்க்கும் யகர வகரங்கள். இவை எல்லாம் ஒழுங்கானவை, முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியவை. பழகிய காதுக்கு இவற்றால் பொருள் கெடுவதில்லை.

கெடும் இடங்களும் உண்டு, அதையும் மறைக்க மாட்டோம். P–B, T–D போன்ற ஆங்கில எழுத்துகளைப் போனில் சொல்லும்போது தமிழர் யாராக இருந்தாலும் குழப்பம் வரும், ஏனென்றால் வல்லினத்தின் இரண்டு ஒலிகளையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை. அதற்குத் தீர்வு எழுத்துக்கு ஒரு சொல் சொல்லும் முறை: ‘பி ஃபார் பாம்பே’. ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆளை அனுப்பிவிட வேண்டியதில்லை.

இனி, நம் காது ஏன் இப்படிச் செய்கிறது என்பது. உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் கனடாவின் மான்ட்ரியலில் செய்து 1960-இல் வெளியிட்ட சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுபவர்கள் ஒரே பகுதியை இரண்டு மொழிகளிலும் வாசித்தார்கள். கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. ஆங்கிலத்தில் கேட்ட குரலுக்கு அதிக உயரம், அதிக அறிவு, அதிக நம்பகம் என்று மதிப்பெண் விழுந்தது. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களே பிரெஞ்சுக் குரலுக்குக் குறைத்துப் போட்டார்கள். ஆக “நானே கிராமத்திலிருந்து வந்தவன், எனக்குப் பாகுபாடு கிடையாது” என்று ஒரு குழு உறுப்பினர் சொன்னால் அது போதாது. தன் ஊர்ப் பேச்சை மறைத்து மேலே வந்தவர்தான் பல நேரம் அதே பேச்சைக் கேட்டதும் முதலில் கடுமையாகிறார்.

ஷிரி லெவ்-ஆரி, போஅஸ் கைஸர் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி தண்ணீரில்லாமல் அதிக காலம் தாங்கும் என்பது போன்ற தகவல்களை வெவ்வேறு உச்சரிப்பில் பேசுபவர்களைக் கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். பேசுபவர் வேறொருவர் எழுதித் தந்ததை வாசிக்கிறார் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். அப்படியும் அயல் உச்சரிப்பில் வந்த தகவலைக் குறைவாகவே நம்பினார்கள். பழகாத உச்சரிப்பைப் பிரித்தெடுக்க மூளை கூடுதலாக உழைக்கிறது; அந்த உழைப்பின் களைப்பைப் ‘பேசுபவர் மீது நம்பிக்கை வரவில்லை’ என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம். சோதனையின் நோக்கத்தை முன்கூட்டியே சொன்னபோது, லேசான உச்சரிப்பு விஷயத்தில் கேட்பவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். கனமான உச்சரிப்பில் திருத்திக்கொள்ள முடியவில்லை. அதனால்தான், அரைநாள் விழிப்புணர்வு வகுப்பு நடத்திவிட்டோம் என்று நீங்கள் சொல்லும்போது நாங்கள் நிம்மதி அடைவதில்லை. தெரிந்துவைத்திருப்பதால் காது மாறாது. தாளையும் நடைமுறையையும் மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதற்கு வருவோம்.

முதல் வேலை, அந்தப் பத்து மதிப்பெண் கட்டத்தை உடைப்பது. மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-இல் காட்டியது இதற்கு உதவும்: ஒருவர் சொன்னது புரிந்ததா, புரிய எவ்வளவு சிரமப்பட்டோம், உச்சரிப்பு எவ்வளவு வேறுபட்டது, இவை மூன்றும் தனித்தனி அளவுகள். உச்சரிப்பு மிக அயலானது என்று கேட்டவர்கள் மதிப்பிட்ட வாக்கியங்களையே, ஒரு சொல் விடாமல் எழுதிக்காட்டவும் செய்தார்கள். ஆகவே எங்கள் பரிந்துரை: சொன்னது புரிந்ததா என்பதற்கு 5, விஷயத்தை வரிசையாகச் சொன்னாரா என்பதற்கு 3, எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாரா என்பதற்கு 2. உச்சரிப்புக்கு மதிப்பெண் கிடையாது. கடைசி இரண்டு மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் திறமை அதுதான். அதைச் சோதிக்க ஒரு முறை “இது எனக்குப் புரியல, வேற மாதிரி சொல்லுங்க” என்று நீங்கள் கேட்டால் போதும். எல்லாரிடமும், ஒரே இடத்தில், ஒரே குரலில் கேட்க வேண்டும். லோக்கலாகப் பேசுபவரிடம் மட்டும் கேட்டால் சோதனை கெட்டது.

முதல் இரண்டு நிமிடம் மதிப்பெண் இல்லாத பேச்சாக இருக்கட்டும். பழகாத உச்சரிப்புக்குக் காது ஒரு நிமிடத்துக்குள்ளாகவே கணிசமாகப் பழகிவிடுகிறது என்று கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் கேரட் இருவரும் 2004-இல் அளந்து காட்டினார்கள். முதல் கேள்விக்கே மதிப்பெண் போட்டால், உங்கள் காது பழகாத நேரத்துக்கான தண்டனையை அவருக்குக் கொடுக்கிறீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்தப் பள்ளி ஆகியவை வேண்டாம். இந்த வேலையைப் பற்றி எப்படித் தெரிந்தது, இதற்கு முன் செய்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேளுங்கள். எந்தத் தமிழில் வேண்டுமானாலும் பேசலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் மேடைத் தமிழுக்குத் தாவுவார். தெரிந்த வேலையைத் தெரியாத தமிழில் சொல்லி இரண்டையும் இழப்பார்.

எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே அவரவர் தாளில் மதிப்பெண் போட்டு மடித்துவிட வேண்டும். கடைசியில் கூடிப் பேசிப் போடுவதாக இருந்தால், குழுவில் மூத்தவர் விடும் ஒரு ‘ம்ஹூம்’ எல்லார் மதிப்பெண்ணையும் இழுத்துவிடும்.

விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டும் இன்னொரு படி. அவருடைய மூன்று பதில்களை ஒருவர் எழுத்துத் தமிழில் குறிப்பாக எழுதி, அறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கால் மணி நேரம் ஆகும். காதில் விழுந்த மதிப்பெண்ணும் தாளில் விழுந்த மதிப்பெண்ணும் பத்துக்கு இரண்டுக்கு மேல் விலகினால், தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. எழுதுபவர் ‘கையெய்த்து’ என்று கேட்டபடியே எழுதினால் உச்சரிப்பும் தாளில் ஏறிவிடும். ‘கையெழுத்து’ என்றுதான் எழுத வேண்டும். பிடித்துப்போனவர் சொல்லாத படியையும் சேர்த்து எழுதிவிடும் ஆசை வரும். ஐந்து படியில் நான்கு சொன்னால் நான்குதான். மூன்றாவது களைப்பு. காலையில் ஒழுங்காக நடக்கும் இது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருபவர்களுக்கு நடக்காமல் போகும். நேரம் போதாது என்றால் அன்றைக்கு அழைக்கும் ஆட்களைக் குறைத்துவிடுங்கள்.

மரியாதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஆட்டிட்யூட்’ கட்டத்தில் பேச்சு போய் ஒளிந்துகொள்ளும். கொங்குப் பேச்சில் வரிக்கு வரி ‘ங்க’ வருவதைப் பணிவு என்று எடுத்துக் கூட்டிப் போடுபவர்களும், கூச்சம் என்று குறைத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கம் “அவுக சொன்னாக”, நெல்லைப் பக்கம் “அவிய சொன்னாவ” என்பவை முழு மரியாதை. ‘ங்க’ காதில் விழவில்லை என்பதால் திமிர் என்று எழுதிவிடாதீர்கள்.

“எங்கள் வாடிக்கையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்” என்ற பதிலையும் நாங்கள் அறிவோம். யார் உங்கள் வாடிக்கையாளர்? தமிழில் சேவை கேட்டுப் போன் செய்பவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கு பதில்களில் ஒன்றைப் போலத்தான் பேசுகிறார்கள். ‘தங்களின் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்ற தமிழில் அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எதிர்பார்ப்பு என்று நீங்கள் சொல்வது வாடிக்கையாளருடையதா, மேலாளருடையதா என்று ஒருமுறை சரிபாருங்கள். வாடிக்கையாளரின் புகார்ப் பதிவுகளை எடுத்து, ‘பேசியது புரியவில்லை’ என்பவற்றைத் தனியாகவும் ‘பேச்சு பிடிக்கவில்லை’ என்பவற்றைத் தனியாகவும் பிரியுங்கள். முதல் குவியலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டாவது குவியலுக்காக யாருடைய வேலையையும் எடுக்காதீர்கள்.

உங்கள் அடுத்த நேர்காணல் நாளுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றைக் கேட்கிறோம். ‘கம்யூனிகேஷன்’ கட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘எனக்குப் புரியாத வாக்கியம்’ என்று அச்சிடுங்கள். மதிப்பெண்ணைக் குறைப்பவர் அந்தக் கோட்டில், அந்த ஆள் சொன்னவற்றில் தனக்குப் புரியாமல் போன வாக்கியத்தை எழுத வேண்டும். ‘கினு’ வந்தது, ‘ளகரம்’ வந்தது என்று எழுதக் கூடாது. அவை புரிந்ததால்தான் கவனிக்க முடிந்தது. கோடு காலியாக இருந்தால் மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பேச்சுத் தமிழ் கற்பிப்போர், ஆராய்வோர் சிலர்